செவ்வாய்ப்பேட்டைப் பரணில் ஒரு ‘காமிக்’ ரீல்: நிகழ்வு ஆய்வு

பின்னணி

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பழைய வீடு. பாகம் பிரித்து விற்பதற்காக அதைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். வீட்டுப் பெரியவருக்கு எழுபது வயதுக்கு மேல். அவருடைய அப்பா 1940களிலும் 50களிலும் ஓமலூர், தாரமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் டூரிங் டாக்கீஸ் நடத்தியவர். தொழிலை விட்ட பிறகு புரொஜெக்டரை விற்றுவிட்டார். கொஞ்சம் சாமான் மட்டும் பரணில் தங்கிவிட்டது. அதில் ஒரு தகரப் பெட்டி இருந்தது. பெட்டிக்குள் பதினொரு ஃபிலிம் டப்பாக்கள்.

பெரியவரின் பேத்தி கல்லூரியில் படிப்பவர். எங்கள் சிறிய திரைப்பட வட்டத்துக்கு அவர்தான் தகவல் சொன்னார். வட்டத்திலிருந்து போனவர்கள் மூவர்: ஓய்வுபெற்ற புரொஜெக்டர் ஆபரேட்டர் ஒருவர், வேதியியல் ஆசிரியை ஒருவர், குறிப்பெழுதும் பொறுப்பில் நான்.

குடும்பத்தார் ஒரு முடிவோடுதான் எங்களை வரவேற்றார்கள். “இது மாடர்ன் தியேட்டர்ஸ் படம்ங்க. காணாமப் போன படமா இருக்கும்.” சேலத்தில் பழைய ஃபிலிம் எங்கே கிடைத்தாலும் முதலில் சொல்லப்படுவது இதுதான். சொல்வதில் நியாயமும் இருக்கிறது. டி.ஆர். சுந்தரம் தொடங்கிய அந்த ஸ்டூடியோ 1937இல் ‘சதி அகல்யா’வில் ஆரம்பித்து நூறு படங்களுக்கு மேல் எடுத்தது. மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ (1938) அங்கே உருவானதுதான். ஏற்காடு சாலையில் அதன் நுழைவு வளைவு இன்னும் நிற்கிறது. ஊருக்கே அது பெருமை. ஆனால் பெருமையை வைத்து ஒரு ஃபிலிமுக்குப் பெயர் வைக்க முடியாது. இந்த நிகழ்வில் பாதிச் சிக்கல் அங்கிருந்துதான் வந்தது.

ஒரு டப்பா மூடியில் மங்கிய வெள்ளைப் பெயிண்டில் ‘காமிக் 2’ என்று எழுதியிருந்தது. வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது. காரணம் சொல்கிறேன்.

இந்த வகைப் படங்கள் ஏன் மிச்சமில்லை

1931 அக்டோபரில் ‘காளிதாஸ்’ வந்தபின் சில வருடங்களுக்குத் தமிழில் எடுத்தவை பெரும்பாலும் புராணக் கதைகள். 1934 வரை சென்னையில் ஒலிப்பதிவு வசதியுள்ள ஸ்டூடியோவே கிடையாது. பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் குழுவோடு ரயிலேறிப் போய் எடுத்துவர வேண்டியிருந்தது. செலவு செய்து போனவர்கள் பெரிய கதையாகத்தான் எடுப்பார்கள். காதலும் கேலியும் கலந்த சமூகக் கதைகள் அப்புறம்தான் மெதுவாக வந்தன. அதிலும் ஒரு பகுதி முழுநீளப் படமே அல்ல. இரண்டு மூன்று ரீல் நீளத்தில் ‘காமிக்’ என்ற ஒரு நகைச்சுவைத் துண்டை எடுத்து, பெரிய படத்தோடு ஒட்டி ஓட்டுவார்கள். அப்படி நாலைந்து துண்டுகளைச் சேர்த்து ஒரு காட்சியாகக் காட்டியதும் உண்டு. அதற்குத் தனி நடிகர் குழு, தனிக் கதை, சில சமயம் தனி இயக்குநர். என்.எஸ். கிருஷ்ணன் தன் நகைச்சுவைப் பகுதிகளைத் தானே அமைத்துக்கொண்டது இந்தச் சூழலில்தான்.

பெரிய படங்களுக்கே பிரதி மிஞ்சாத காலத்தில் இந்தத் துண்டுகளை யார் பத்திரப்படுத்துவார்கள்? ஓடி முடிந்த பிரிண்டைப் பழைய சாமான் வியாபாரி எடைக்கு வாங்கிப் போனார். கறுப்பு வெள்ளை ஃபிலிமைக் கழுவினால் வெள்ளி கிடைக்கும். மிஞ்சும் செல்லுலாய்டு வளையலாகும், கைப்பையாகும். பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்திலிருந்து ஏவி. மெய்யப்பன் தயாரித்த ‘சபாபதி’ (1941) இன்றும் பார்க்கக் கிடைக்கிறது என்றால் அது விதிவிலக்கு.

இதே காலத்து அமெரிக்கப் படங்களோடு வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். மோனோகிராம், செஸ்டர்ஃபீல்டு மாதிரிச் சின்ன கம்பெனிகள் ஒன்றிரண்டு வாரத்தில் எடுத்துத் தள்ளிய காதல் நகைச்சுவைகள் ஏராளமாக மிஞ்சியிருக்கின்றன. அவற்றை யாரும் போற்றிப் பாதுகாத்ததால் அல்ல. 1950களில் அங்கே தொலைக்காட்சிக்கு மலிவான சரக்கு தேவைப்பட்டது, 16 மி.மீ. பிரதிகள் நூற்றுக்கணக்கில் போடப்பட்டன. பலவற்றின் காப்புரிமையை 28ஆம் வருடம் யாரும் புதுப்பிக்கவில்லை, அதனால் யார் வேண்டுமானாலும் பிரதி எடுத்தார்கள். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975இல். அதற்குள் இங்கே பழைய ஃபிலிம் வளையலாகி உடைந்தும் போயிருந்தது.

அதனால் ‘காமிக் 2’ என்ற மூடிக்குள் இருப்பது ஒரு பெரிய ஸ்டூடியோ படத்தைவிட அரிதாக இருக்க வாய்ப்பு அதிகம். இதைக் குடும்பத்துக்குப் புரியவைக்க நேரமாயிற்று.

முதலில் கண்டவை

நாங்கள் போவதற்கு முந்தைய நாள் ஒரு காரியம் நடந்திருந்தது. டப்பாக்களில் வாடை அடிக்கிறது என்று மொட்டை மாடியில் வடாம் காயவைப்பது போல வெயிலில் பரப்பிவிட்டார்கள். அப்போது ஏப்ரல் மாதம். கேட்டதும் ஆசிரியை நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

அவர் பயந்ததற்குக் காரணம் உண்டு. 1950களின் தொடக்கம் வரை 35 மி.மீ. ஃபிலிம் பெரும்பாலும் நைட்ரேட் அடித்தளத்தில் வந்தது. நைட்ரேட் என்றால் செல்லுலோஸ் நைட்ரேட், துப்பாக்கிப் பஞ்சின் உறவுக்காரன். எரிவதற்கான ஆக்சிஜன் அதற்குள்ளேயே இருப்பதால் தண்ணீருக்குள் முக்கினாலும் எரியும். நல்ல நிலையில் உள்ள நைட்ரேட் தானாகப் பற்றிக்கொள்ளாது. சிதைய ஆரம்பித்த நைட்ரேட் நீண்ட நேரம் 41 டிகிரி வெப்பத்தில் கிடந்தால் பற்றக்கூடும். சேலத்து ஏப்ரலில், மொட்டை மாடித் தளத்தில், மூடிய இரும்பு டப்பாவுக்குள் என்ன சூடு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. 2003இல் புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தின் நைட்ரேட் ஃபிலிம்கள் தீயில் போனதை ஆபரேட்டர் நினைவுபடுத்தினார். அவ்வளவுதான், வீடே அமைதியாகிவிட்டது.

டப்பாக்களை நிழலுக்குக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக வெளித் திண்ணையில் திறந்தோம். மூன்று வகையாகப் பிரிந்தன.

எட்டு டப்பாக்களில் ஃபிலிம் ஓரத்தில் ‘சேஃப்டி’ என்ற எழுத்து இருந்தது. நைட்ரேட் போல எளிதில் பற்றாத அசிட்டேட் அடித்தளம். வினிகர் நெடி மூக்கைத் துளைத்தது. 1950களுக்குப் பிந்தைய படங்களின் உதிரி ரீல்கள். அவற்றைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு டப்பாவில் ஃபிலிமே இல்லை என்று சொல்லலாம். பழுப்பு நிறக் கட்டி, மேலே நுரைத்துக் காய்ந்த பொருக்கு, ஓரத்தில் துருப் போன்ற தூள். நைட்ரேட் சிதைவின் கடைசிக் கட்டம்.

மிச்சம் இரண்டு. ஒன்றின் மூடிதான் ‘காமிக் 2’. ‘சேஃப்டி’ எழுத்து இல்லை. படம் மஞ்சள் பாய்ந்திருந்தது, ஆனால் சுற்றுகள் ஒட்டிக்கொள்ளவில்லை. ஓரத்தில் ஒலித்தடம் தெளிவாகத் தெரிந்தது. கோடாக் கம்பெனி ஓரத்தில் அச்சிடும் ஆண்டுக் குறியும் இருந்தது: அடுத்தடுத்து இரண்டு சதுரங்கள். அந்தக் குறிகள் இருபது வருடத்துக்கு ஒருமுறை திரும்ப வரும். இரண்டு சதுரம் என்றால் 1920, 1940, 1960. ஒலித்தடம் இருப்பதால் 1920 இல்லை. நைட்ரேட் என்பதால் 1960 இல்லை. ஆக, ஃபிலிம் சுருள் 1940இல் தயாரானது. படமும் அந்த வருடத்ததே என்று இதனால் உறுதியாகாது. பழைய படத்துக்குப் புதிய பிரிண்ட் போட்டிருக்கலாம். வாங்கிய ஃபிலிமை அடுத்த வருடம் பயன்படுத்தியிருக்கலாம். ஆனாலும் பரணிலிருந்து கிடைத்த ஒரு பெயரில்லாத சுருளுக்கு இது பெரிய தகவல்.

அந்த இரண்டு டப்பாக்களில் ஒன்றின் அடியில் மாடர்ன் தியேட்டர்ஸ் லேபிள் கிழிந்த நிலையில் ஒட்டியிருந்தது. பெரியவர் முகம் மலர்ந்தது. ஆபரேட்டர் மறுப்பாகத் தலையாட்டினார். “டப்பா யாரோடதா வேணாலும் இருக்கும் ஐயா. நாங்க எந்த ரீலையும் எந்த டப்பாலயும் போட்டு அனுப்புவோம். மூடி ஒரு படம், அடி ஒரு படம்னு இருக்கும்.”

எடுத்த முடிவுகள், அவற்றின் காரணம்

முதல் முடிவு: ஓட்டிப் பார்க்கக் கூடாது. இதற்குத்தான் அதிக எதிர்ப்பு. பெரியவரின் மகனுக்குத் தெரிந்தவரிடம் பழைய புரொஜெக்டர் ஒன்று இருந்தது. “ஒரே ஒரு தடவை சுவத்துல ஓட்டி, மொபைல்ல எடுத்துட்டாப் போச்சு” என்றார். ஆபரேட்டர் பேசிப் பார்த்து, கடைசியில் அளந்தே காட்டினார். 35 மி.மீ. ஃபிலிமில் ஒரு ஃபிரேம் 19 மி.மீ. உயரம், நூறு ஃபிரேம் 1,900 மி.மீ. இருக்க வேண்டும். இங்கே 1,880தான் வந்தது. ஒரு சதவீதத்துக்கு மேல் சுருக்கம். ஸ்பிராக்கெட் பல்லும் ஃபிலிம் துளையும் இனிப் பொருந்தாது. ஓட்டினால் துளைகள் வரிசையாகக் கிழியும். நடுவில் எங்காவது நின்றுபோனால் விளக்குச் சூட்டில் நைட்ரேட் பற்றிக்கொள்ளும். டேப்பில் அந்த 20 மி.மீ. குறைவைப் பார்த்த பிறகு மகன் பேச்சை விட்டார். வாதத்தை விட அளவுகோல் நன்றாக வேலை செய்தது.

இரண்டாவது: எங்கே வைப்பது? பெரியவரின் தம்பிக்கு ஏற்காட்டில் சின்னக் காப்பித் தோட்டமும் வீடும் உண்டு. “அண்ணா, மேல கொண்டுபோயிடலாம். அங்க ஃபேனே போடறதில்ல” என்றார். கேட்க நன்றாக இருந்தது. சேர்வராயன் மலை ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலத்தைவிட எப்போதும் குளிர்ச்சி. சிதைவை மெதுவாக்குவது குளிர்தான். ஆனால் ஃபிலிமுக்குக் குளிர் மட்டும் போதாது, உலர்வும் வேண்டும். மழைக்காலத்தில் ஏற்காட்டில் பனிமூட்டம் ஜன்னல் வழியாக உள்ளே வரும். தம்பி வீட்டு அலமாரிப் புத்தகங்களில் பூசணம் பூத்திருப்பதை அவரே ஒப்புக்கொண்டார். படத்தைத் தாங்கி நிற்கும் ஜெலட்டின் படலம் ஈரத்தில் இளகும், பூஞ்சை அதையே தின்னும். அதோடு மூடிய காரில் நைட்ரேட்டை வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறுவதில் யாருக்கும் சம்மதமில்லை.

சேலத்து வெக்கையா, ஏற்காட்டு ஈரமா என்ற கேள்விக்கு இரண்டும் வேண்டாம் என்பதே பதில். தற்காலிகமாக, வீட்டின் பின்புறம் தனியாக நின்ற, ஓடு வேய்ந்த மோட்டார் அறையைத் தேர்ந்தோம். வேப்பமர நிழல், காற்றுப் போக்கு, குடியிருக்கும் அறைகளிலிருந்து தூரம். மின் இணைப்பைத் துண்டித்து, டப்பா மூடிகளை இறுக்காமல் வைத்தோம். தீயணைப்பு நிலையத்துக்கும் தகவல் போனது. வீட்டு ஃப்ரிட்ஜில் வைக்கலாமா என்று பேத்தி கேட்டார். மின்பொறி, அடைத்த காற்று, சாப்பாட்டுப் பொருள் மூன்றும் சேர்ந்த இடம் அது. வேண்டாம் என்றோம்.

மூன்றாவது: கட்டியாகிப்போன டப்பா. அதில் மீட்க ஒன்றுமில்லை, ஆபத்து மட்டும் மிச்சம். தண்ணீர் நிறைந்த இரும்பு டிரம்மில் மூழ்கவைத்து, அப்புறப்படுத்த முறைப்படி கேட்டோம். குடும்பத்துக்கு இது மனக்கஷ்டம். “அதுதான் நல்ல படமா இருந்திருக்குமோ என்னவோ” என்றார் பெரியவர்.

நான்காவது: யாரிடம் கொடுப்பது. இதற்குள் ஒருவர் எடைக்கு விலை பேச வந்துவிட்டார். இன்னொருவர் ‘மாடர்ன் தியேட்டர்ஸின் காணாமல் போன படம்’ என்றால் நல்ல தொகை தருவதாகவும், ‘காமிக்’ என்றால் தேவையில்லை என்றும் சொன்னார். தம்பிக்கு விற்கும் எண்ணம் இருந்தது. பெரியவருக்கு அப்பா பெயர் எங்காவது பதிவாக வேண்டும். நாங்கள் சொன்னது ஒன்றுதான்: எந்தக் கம்பெனிப் படம் என்று தீர்மானித்த பிறகு பாதுகாப்பது என்று வைத்தால், தீர்மானிப்பதற்குள் அது தூளாகிவிடும். பேத்தி தாத்தா பக்கம் நின்றார், ஆவணக் காப்பகத்துக்கு எழுதுவது என்று முடிவாயிற்று.

பின்பு நடந்தது

நைட்ரேட்டைக் கூரியரிலோ ரயிலிலோ சாதாரணச் சாமானாக அனுப்ப முடியாது. 1948ஆம் வருடத்து சினிமாட்டோகிராஃப் ஃபிலிம் விதிகள் இன்னும் அதற்குப் பொருந்தும். காப்பகம் தன் ஏற்பாட்டில் எடுத்துச் செல்லும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதற்குள் கோடை முடிந்துவிட்டது. டப்பாக்களின் நிலையைத் தினமும் காலையில் பார்த்துப் பேத்தி ஒரு நோட்டில் எழுதிவந்தார்: நிறம், வாடை, ஒட்டல். காப்பகத்தினர் முதலில் கேட்டு வாங்கியது அந்த நோட்டைத்தான்.

சில மாதங்கள் கழித்து ஸ்கேன் செய்த பிரதி வந்தது. இரண்டு சுருளும் சேர்ந்து 1,240 அடி. நிமிடத்துக்கு 90 அடி என்ற கணக்கில் ஏறத்தாழ 14 நிமிடம். தலைப்பும் இல்லை, முடிவும் இல்லை. ஒலி பாதிக்கு மேல் கேட்கிறது. படம் முழுக்க மழை போலக் கீறல்கள்தான், ஆனால் முகங்கள் தெரிகின்றன.

கதை இவ்வளவு: கோட்டும் தலைப்பாகையும் போட்ட இளைஞன் எதிர்வீட்டுப் பெண்ணுக்குக் கடிதம் எழுதுகிறான். வேலைக்காரன் அதை அவளுடைய அத்தையிடம் கொடுத்துவிடுகிறான். அத்தை பதில் எழுதுகிறாள். காதலர்கள் ஒரே ஃபிரேமில் வரும் இடங்களில் இருவருக்கும் நடுவே எப்போதும் ஒரு கை நீள இடைவெளி. ஓட்டம், விழுதல், இடித்துக்கொள்ளுதல் எல்லாம் வேலைக்காரனுக்கும் சமையற்காரிக்கும். கேமரா நகர்வதே இல்லை. ஒரு காட்சி வெட்டில்லாமல் இரண்டு நிமிடத்துக்கு மேல் போகிறது. சுவரில் மைக்கின் நிழல் விழுந்திருக்கிறது. இளைஞன் வீட்டுத் திண்ணையும் பெண் வீட்டுத் திண்ணையும் ஒரே செட். மாட்டியிருக்கும் படத்தை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். அதையே ஒரு வேடிக்கையாகவும் ஆக்கியிருக்கிறார்கள். வேலைக்காரன் வீடு மாறி நுழைந்து, சுவரைப் பார்த்து, “நம்ம வீடு மாதிரியே இருக்கே” என்கிறான். பணமில்லாததை இவ்வளவு சாமர்த்தியமாகச் சிரிப்பாக்கிய இடம் பெரிய படங்களில் எனக்கு அதிகம் கண்ணில் படவில்லை.

சுவரில் ஒரு காலண்டரும் தெரிகிறது. திங்கட்கிழமையில் தொடங்கும் 31 நாள் மாதம். 1940 ஜனவரியும் ஜூலையும் பொருந்துகின்றன. 1939 மேயும் 1941 டிசம்பரும்கூடப் பொருந்துகின்றன. இதை வைத்து மாதம் சொல்ல முடியாது. ஆனால் ஓரக் குறி சொன்னதோடு முரண்படவில்லை.

இருக்கும் ஒரு பாட்டின் முதல் அடியை வைத்து, அக்காலத்தில் தியேட்டர் வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களில் தேடினோம். பெரிய படங்களுக்குப் பாட்டுப் புத்தகம் உண்டு. ஒட்டு காமிக்குகளின் பாட்டு சில சமயம் அதே புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரும், பல சமயம் வராது. நாங்கள் பார்த்தவற்றில் பொருந்தவில்லை. மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களின் பாட்டுகளிலும் இல்லை. பெரியவரிடம் இதைச் சொன்னபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், “சரி, அப்பா ஓட்டின படம்தானே” என்றார். காப்பகத்துப் பதிவில் அது தலைப்புத் தெரியாத நகைச்சுவைத் துண்டு, சுமார் 1940 என்று இருக்கிறது. கொடுத்த குடும்பத்தின் குறிப்பில் அப்பாவின் டூரிங் டாக்கீஸும் இடம்பெற்றிருக்கிறது.

அசிட்டேட் ரீல்களில் இரண்டு மட்டும் ஸ்கேன் செய்யும் நிலையில் இருந்தன. மற்றவை சுருண்டு விறைத்துவிட்டன.

இனி மாற வேண்டியவை

டப்பாவைத் திறப்பதற்கு முன் மூடி, அடி, லேபிள் மூன்றையும் தனித்தனியாகப் படமெடுப்பது இப்போது எங்கள் வட்டத்தில் கட்டாயம். இந்த வீட்டில் முதல் நாள் வெயிலில் பரப்பியபோது மூன்று மூடிகள் இடம் மாறியிருந்தன. எது எதன் மூடி என்பது கடைசிவரை தெரியவில்லை. கண்டவுடன் தொலைபேசியில் முதலில் சொல்ல வேண்டியதும் மாறியிருக்கிறது. முன்பு ‘திறக்காதீர்கள், வருகிறோம்’ என்போம். இப்போது ‘வெயிலில் வைக்காதீர்கள், துணியால் துடைக்காதீர்கள், பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டாதீர்கள், பக்கத்தில் பீடி சிகரெட் வேண்டாம்’ என்றும் சேர்த்துச் சொல்கிறோம்.

விலை பேசுபவர் வருவதற்கு முன்பே குடும்பத்தில் யார் முடிவு சொல்வது என்பதை எழுத்தில் வாங்கிவிடுவது நல்லது. இங்கே அண்ணன் தம்பிக்குள் சில வாரங்கள் பேச்சு நின்றதற்கு ஃபிலிமைவிட அந்தத் தொகைதான் காரணம். உரிமை பற்றிய பயமும் வீணாக நேரத்தைத் தின்றது. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கு வெளியான அடுத்த வருடத்திலிருந்து 60 வருடம்தான் காப்புரிமை. 1940ஐ ஒட்டிய படத்துக்கு அது முடிந்து வெகுகாலமாகிறது. இதை முதல் நாளே சொல்லியிருந்தால் ‘யாராவது கேஸ் போடுவார்களா’ என்ற பேச்சு எழுந்திருக்காது.

சேலத்தைச் சுற்றி டூரிங் டாக்கீஸ் நடத்திய குடும்பங்களை வட்டத்தினர் இப்போது ஒவ்வொன்றாகத் தேடிப் போகிறார்கள். ‘பழைய மாடர்ன் தியேட்டர்ஸ் படம் இருக்கிறதா’ என்று கேட்பதை நிறுத்திவிட்டோம். அப்படிக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும், பரணில் காமிக் ரீல் கிடந்தாலும்கூட. ‘ஃபிலிம் டப்பா எதுவாவது, துருப்பிடித்தது, காலியானது, எதுவானாலும் இருக்கிறதா’ என்று கேட்கிறோம். ஆத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டில் நான்கு டப்பாக்கள் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்காலம் தொடங்கும் முன் போய்ப் பார்க்க வேண்டும்.